பாங் ராக்கை ஆற்றிலிருந்து நடந்து பாருங்கள்

பாங்காக் வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் சீலோம் மாரியம்மன் கோயில் வாசலில் டாக்சியில் இறங்கி, அர்ச்சனை செய்துவிட்டு, அடுத்த டாக்சியில் ஏறிப் போய்விடுகிறார்கள். நான்கு வருடம் அந்தத் தெருவில் ஒரு ரத்தினக்கல் அலுவலகத்தில் கணக்கு எழுதியவள் நான். எனக்கு இது மனக்குறை. கோயில் இருக்கும் பாங் ராக் வட்டாரம் மொத்தமே ஐந்தரை சதுர கிலோமீட்டர்தான். ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து தொடங்க வேண்டும். கப்பலில் வந்த வியாபாரிகளும் பாதிரிமார்களும் முதலில் கரையோரம்தான் குடியேறினார்கள். அந்த வரிசையிலேயே நடந்தால் நம் கோயில் ஏன் அங்கே நிற்கிறது என்பது தானாகப் புரியும்.

பி.டி.எஸ். என்ற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்குங்கள். கீழேயே படகுத்துறை. சுற்றுலாப் படகுக்குச் சீட்டு விற்பவர்கள் கூப்பிடுவார்கள்; அவர்களைத் தாண்டிப் போய், வடக்கே போகும் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறி, சீ பிராயா துறையில் இறங்குங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் சரோன் குருங் சாலை. 1860-களில் நான்காம் ராமா மன்னர் போட்ட சாலை இது. குதிரை வண்டி ஓட்ட நல்ல சாலை இல்லை என்று ஐரோப்பியத் தூதர்கள் முறையிட்டதால் போட்டார்கள் என்பார்கள்.

இங்கே வழி தவறாமல் இருக்க ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளைத்தெருவுக்கு சோய் என்று பெயர். இரட்டைப்படை எண்கள் ஆற்றுப் பக்கம், ஒற்றைப்படை எண்கள் எதிர்ப் பக்கம். இரண்டும் சேர்ந்து ஓடாது. சோய் 34-க்கு எதிரே 35-ஐத் தேடினால் கிடைக்காது, ஏறக்குறைய அந்த இடத்தில் 43 இருக்கும். முதல் வாரம் நான் இதில் நன்றாகவே அலைந்தேன்.

தெற்கு நோக்கி நடந்தால் வலப்பக்கம் பெரிய தபால் நிலையக் கட்டடம் வரும். எதிரே சோய் 43-க்குள் பாங்காக்கியன் அருங்காட்சியகம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், 1937-இல் கட்டிய ஒரு குடும்பத்தின் மரவீடுதான். அவர்கள் புழங்கிய கட்டில், பீங்கான், அடுப்படிச் சாமான் எல்லாம் அப்படியே இருக்கின்றன. என் அம்மாவைக் கூட்டிப்போனபோது அடுப்படியை விட்டு நகரவே மாட்டேன் என்றார்.

அப்புறம் சோய் 36. ஹாரூன் பள்ளிவாசலும் அதைச் சுற்றிய வீடுகளும் அங்கேதான், பக்கத்திலேயே பிரெஞ்சுத் தூதரகமும் கப்பல் சரக்குக்கு வரி வாங்கிய பழைய சுங்க மாளிகையும். இது மக்கள் குடியிருக்கும் இடம். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், வீட்டு வாசல்களைப் படம் எடுக்காதீர்கள். சோய் 40 வழியாகப் போனால் செங்கல் நிறத்தில் அசம்ப்ஷன் பேராலயம். இப்போதிருக்கும் கட்டடம் 1910-இல் தொடங்கியது, ஆனால் முதல் தேவாலயம் அதற்கும் தொண்ணூறு வருடம் முந்தையது. கால்மணி நேரம் உள்ளே உட்காருங்கள். வெயிலுக்கு அது தேவைப்படும்.

தங்கநிறக் குவிமாடம் வைத்த ஸ்டேட் டவர் மூலையில் இடப்பக்கம் திரும்பினால் சீலோம் சாலை. சீலோம் என்றால் காற்றாலை. இங்கே கண்டிப்பாக ஓர் எச்சரிக்கை: நன்றாக உடுத்திய ஒருவர் சிநேகமாகப் பேசி, "கோயில் இன்று மூடியிருக்கிறது, அரசு ரத்தின விற்பனை இன்று மட்டும்" என்று சொன்னால் நின்று கேட்காதீர்கள். அப்படி ஓர் அரசு விற்பனையே கிடையாது. ஏமாந்து வாங்கிய கற்களை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டிக் கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பத்துப் பதினைந்து நிமிட நடையில் வலப்பக்கம் கோபுரம் தெரியும். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1870-களின் இறுதியில் தமிழர்கள் எழுப்பியது. தாய் மக்கள் இதை வத் கேக் என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களுக்கும் அந்தச் சொல்தான். வழி கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. தேங்காய், பழம், செவ்வந்தி வைத்த தட்டு அங்கேயே கிடைக்கும். வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய் மக்களாகவே இருப்பார்கள். ஆபீஸ் உடையில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மன் முன்னால் கண்மூடி நிற்பதைப் பார்த்த அன்று, இந்த ஊர் எனக்கு அந்நியம் இல்லை என்று தோன்றியது.

முடிந்தால் விஜயதசமிக்கு வாருங்கள். அன்று மாலை சீலோம் சாலையில் வண்டி ஓடாது. வீதியோரம் செவ்வந்தி மாலை சூட்டிய பூசை மேடைகள், தேங்காய்க் குவியல், நடுவே அம்மன் ஊர்வலம். சிறு பிள்ளைகளோடு போனால் கோயிலை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள், நெரிசல் கடுமையாக இருக்கும். பல வருடங்களில் அதே சமயம் சீனர்களின் சைவ உணவு விழாவும் வரும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடைகளில் "ஜே" என்று கேளுங்கள். இறைச்சி மட்டுமல்ல, மீன் சாறு, முட்டை, பூண்டு எதுவும் இல்லாத சாப்பாடு. சைவக்காரர்களுக்கு வயிறார உண்ண அதைவிட நல்ல நாட்கள் இல்லை.

திரும்பிப் போக டாக்சி தேட வேண்டாம். கோயிலை ஒட்டிய பான் தெரு வழியே தெற்கே நேராகப் போனால் சாத்தோன் சாலை. அங்கிருந்து சுரசாக் ரயில் நிலையம் பக்கம்தான்.