டென்ஸ் அட்டவணையை மூடி வையுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள் இங்கிலீஷ் டென்ஸ் என்றதும் பயந்து ஒதுங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

12 கட்டம் போட்ட அந்த அட்டவணை அப்புறம் இருக்கட்டும். ஒரு வினைச்சொல்லைப் பார்த்ததும் எப்போது நடந்தது என்று கேளுங்கள், அதுதான் டென்ஸ். முடிந்ததா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள், அது ஆஸ்பெக்ட். சாப்பிட்டேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சாப்பிட்டிருந்தேன் மூன்றும் இறந்தகாலம்தான், ஆனால் ஒன்றா? ஐ ஏட், ஐ வாஸ் ஈட்டிங், ஐ ஹேட் ஈட்டன் என்று அதே வரிசையில் வந்துவிடும்.

சிக்கல் ஹேவ், ஹேஸ் வருகிற இடத்தில்தான். 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், அதே நினைப்பில் ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே என்று எழுதினால் மார்க் போச்சு. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹி கேம் மட்டும்தான். வெறும் ஹி ஹேஸ் கம் என்றால் ஆள் வந்தாச்சு, இப்போது இங்கே இருக்கிறார் என்று பொருள். இதில் எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: மலையாளத்தில் 'ஞான் மூணாறில் போயிட்டுண்டு' என்கிறோமே, எப்போதோ போய்வந்த அனுபவம், அதுதான் ஐ ஹேவ் பீன் டு மூணார். ஹி ஹேஸ் கான் டு மூணார் என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை.

அடுத்தது சின்ஸ். 'பத்து மணியிலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே முடித்துவிடலாம், அதனால்தான் ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டென் என்று வாயில் வந்துவிடுகிறது. அப்போது தொடங்கி இப்போதுவரை நீள்கிற காரியத்துக்கு இங்கிலீஷில் ஹேவ் பீன் வேண்டும்: ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் டென். தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ், எவ்வளவு நேரம் என்று சொன்னால் ஃபார், அதாவது ஃபார் டூ அவர்ஸ்.

நோ (தெரிந்திருப்பது), பிலீவ் (நம்புவது) மாதிரி மனசுக்குள் நிலைத்திருக்கிற வினைகளோடு பொதுவாக ஐஎன்ஜி சேராது. 'அவரைப் பத்து வருஷமாகத் தெரியும்' என்பதற்கு ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.

பயிற்சிக்கு, இன்று நடந்ததை ஐந்தாறு வரி இங்கிலீஷில் எழுதி, ஒவ்வொரு வரி முடிவிலும் யெஸ்டர்டே போட்டுப் படியுங்கள், ஹேவ், ஹேஸ் இருக்கிற வரி அங்கேயே பல்லிளிக்கும்.