புங்கனூர் ஏரியில் நிதானமாகப் படகில் செல்வது எப்படி?

வேலூர்ப் பக்கத்தில் படகில் மிதந்தபடி நீர்ப்பறவைகளைப் பார்க்க விரும்புவோருக்கு ஏற்ற இடம், ஏலகிரி மலைமேல் உள்ள புங்கனூர் ஏரியாகும். இது சிறிய செயற்கை ஏரி என்பதால், பலரும் படகை வேகமாக மிதித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றையும் பார்க்காமலே கரையேறிவிடுகிறார்கள். வேகத்தைக் குறைத்தால்தான் இந்த ஏரி தன்னைக் காட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரியில் நீர் நிறைந்திருக்கும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையிலான நாட்களே சிறந்தவை. ரயிலில் வருவோர் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ மலையேறலாம். வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குழந்தைகளுக்குத் தலைசுற்றும் என்பதால் வயிறு நிறைய உண்ணவைத்து அழைத்து வராதீர்கள். விடுமுறை நாட்களைத் தவிர்த்து, படகுத்துறை திறந்தவுடன் போய்விடுவது நல்லது.

மிதிபடகு எளிதுதான் என்றாலும், அது எழுப்பும் சளசளப்பு பறவைகளைக் கலைத்துவிடும்; ஆகவே துடுப்புப் படகையே நான் பரிந்துரைப்பேன். உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காதுவரை ஏறி வந்தால் உங்கள் அளவுக்குப் பெரியது, வேறு கேளுங்கள். படகில் ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுப்பலகையில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வதால், எதிரே இருப்பவர்தான் அவருக்குக் கண். எனவே பறவையைச் சுட்டிக் கத்தாமல், இடது வலது என்று மெல்லச் சொல்லும் பழக்கத்தை முன்பே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். திரும்புகையில் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டால், காற்றே படகை ஓசையின்றித் தள்ளி வரும். பறவைகளை அருகில் காண்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. நாணல் ஓரமாக முக்குளிப்பான் ஒன்று சட்டென மூழ்கினால் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சற்றுத் தள்ளித்தான் அது மேலே வரும். நீர்க்காகம் கிளையில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தால் நேராக அதை நோக்கிப் போகாமல், ஒதுங்கிக் கடந்து செல்லுங்கள். பறவை கழுத்தை நீட்டி, உடலை ஒடுக்கினால் அது பறக்கத் தயாராகிவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஒரு முழம்கூட நெருங்குவது அதன் உணவுவேளையைக் கெடுப்பதாகும். தின்பண்டமோ பாலித்தீன் உறையோ தண்ணீரில் விழக்கூடாது என்பதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள காவேரிப்பாக்கத்துக்குப் போங்கள். பல்லவர் காலத்தில் வெட்டப்பட்ட அந்தப் பெரிய ஏரியைக் கரைமேல் நடந்தே பார்க்கலாம். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால்தான் வாத்துகளின் நிறம் தெளிவாகத் தெரியும். ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கலில் நீர் வழியும் நாட்களில் அதன்மேல் இறங்கி நடக்காதீர்கள், பாசி வழுக்கும்.