கியர் மாறியது தெரியக்கூடாது: ஸ்போர்ட்டி மனுவல் காருக்குப் புதியவர்களுக்கு

ஒட்டோ கியர் வாகனத்தில் கை பழகிய ஒருவர் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மாதிரி ஆறு கியர் மனுவல் கார் ஒன்றில் ஏறினால், திருகோணமலையில் உவர்மலைச் சந்தி வருவதற்குள் எஞ்சின் இரண்டு தடவை ஓஃப் ஆகியிருக்கும், பின்னால் நிற்கும் ஓட்டோக்காரர் ஹோர்னில் இருந்து கையை எடுக்க மாட்டார். லேர்னர்ஸ் காரில் மனுவல் ஓடிப் பழகியவர்களுக்கும் இதே கதைதான். அந்தக் கார்களின் கிளச் (எஞ்சினைக் கியர் பெட்டியோடு சேர்க்கவும் பிரிக்கவும் இடது காலால் மிதிப்பது) எத்தனையோ பேர் மிதித்து மிதித்து இளகிப்போனது, என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஸ்போர்ட்டி கார்களில் பெரும்பாலும் கிளச் இறுக்கம், பிடிக்கிற இடம் குறுகலானது, அக்சிலேட்டரைச் சும்மா தொட்டாலே எஞ்சின் எகிறும், காலை எடுத்தால் அதே வேகத்தில் இறங்கும்.

நிறையப் பேர் கியரை வேகமாகப் போடுவதுதான் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு லீவரோடு மல்லுக்கட்டுகிறார்கள். கைக்கு இதில் பெரிய வேலை இல்லை. கிளச் விடும் அந்த நேரத்தில் எஞ்சின் சுற்றும் வேகமும் ரயர் கேட்கிற வேகமும் ஒன்றாக இருந்தால் கார் வழுக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் உதறும். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சரிக்கட்டுவதற்குத்தான்.

உங்கள் லைசன்ஸ் ஒட்டோ வாகனத்துக்கு மட்டும் என்றால் முதலில் அதற்கு ஒரு வழி பாருங்கள். எல் போர்ட்டோடு இருப்பவர்கள் பக்கத்தில் பழக்குபவர் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம்.

படி 1: எஞ்சினைப் போடாமல் பழகுங்கள்

சீற்றைச் சரிசெய்யுங்கள். கிளச்சைத் தரை வரைக்கும் மிதித்த பிறகும் இடது முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் முழுக்க நீண்டுவிட்டால் சீற் தூரம், அப்படி இருந்துகொண்டு கிளச்சை மெதுவாக விடவே முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய அடியுள்ள சப்பாத்து போடுங்கள். கடற்கரையில் இருந்து நேரே வந்து ஏறினால் காலில் உள்ள மணலைத் தட்டிவிட்டு ஏறுங்கள், பெடலில் கால் வழுக்குவது விளையாட்டு இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளச்சை மிதித்தபடி கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் லீவர் இடது கையில் வருகிறது. ஒன்றும் இரண்டும் உங்களை விட்டுத் தள்ளி இருக்கும், ஐந்தும் ஆறும் உங்கள் பக்கம். நடுவில் மூன்றும் நான்கும். கையை எடுத்தால் லீவர் தானாக நடுவுக்கு வந்து நிற்பதைக் கவனியுங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. முக்கால்வாசிப் பிழை இந்த ஸ்பிரிங்கை நம்பாததால் வருகிறது. இரண்டில் இருந்து மூன்றுக்குப் போகும்போது கோணல்மாணலாக இழுக்க வேண்டாம். நேரே முன்னால் தள்ளி நியூட்ரலில் விடுங்கள், ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும், அங்கிருந்து மறுபடி முன்னால் தள்ளுங்கள். நொப்பை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, உள்ளங்கையும் இரண்டு விரலும் போதும்.

ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் நொப்புக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும், சிலவற்றில் லீவரையே அமத்த வேண்டும்.

படி 2: கிளச் பிடிக்கிற இடம்

மட்டமான, ஆள் இல்லாத ஓர் இடத்துக்குப் போங்கள். நிலாவெளிப் பக்கம் மணலில் இறக்கிப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மணலில் ரயர் புதையும், வெளியே எடுக்கப் பார்த்தே கிளச் பிளேட்டை எரித்துவிடுவீர்கள், உப்புக்காற்றில் துருப் பிடிப்பது வேறு.

ஒன்றாம் கியர் போட்டு, அக்சிலேட்டரைத் தொடாமல், கிளச்சை மட்டும் மிக மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், காரின் மூக்கு லேசாக அசையும். கிளச் பிடிக்கிற இடம் அதுதான். காலை அங்கேயே நிறுத்துங்கள், கார் தானாக ஊரத் தொடங்கும். நன்றாக ஊர்ந்த பிறகு மிச்சத்தை விடுங்கள். பிறகு மிதித்து, நிறுத்தி, திரும்பவும் அதையே செய்யுங்கள். யோசிக்காமல் கால் அந்த இடத்தில் போய் நிற்கும் வரைக்கும் இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைப் பாய்ந்து தாண்டியவர்கள்தான் பிறகு வருடக்கணக்காகக் காரை உதறிக்கொண்டு ஓடுகிறார்கள்.

படி 3: மேலே போகும் கியர்

விடிய வெள்ளன, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வீதியில் போனால் நேரான நீளமான துண்டுகள் கிடைக்கும். இருட்டோடு போக வேண்டாம், நடு வீதியில் மாடு படுத்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். கியர் விகிதம் என்பது கியர் பெட்டியில் இருந்து வெளியே போகும் தண்டு ஒரு தடவை சுற்ற எஞ்சின் எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பது. இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் 3000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும்படி, போகிறீர்கள். அதே வேகத்தில் மூன்றைப் போட்டால் எஞ்சின் 2250இல் சுற்ற வேண்டும். ஆகவே கிளச்சை மிதித்ததற்கும் விடுவதற்கும் இடையில் ஆர்பிஎம் காட்டும் மீற்றர் ஊசி 3000இல் இருந்து 2250க்கு இறங்க வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் கார் முன்னால் பாயும், பிந்தினால் யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும்.

செய்யும் முறை இது. அக்சிலேட்டரில் இருந்து கால் எழும் அதே நேரத்தில் மற்றக் கால் கிளச்சை முழுக்க மிதிக்க வேண்டும். லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கண் சிமிட்டும் நேரம் விட்டு, அடுத்த கியருக்குத் தள்ளுங்கள். உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால் அடிக்க வேண்டாம், லேசாக அமத்திக்கொண்டே இருங்கள், தானாக இழுத்துக்கொள்ளும். அது சிங்க்ரோவின் வேலை, கியர் விழுவதற்கு முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம் அது. 1928இல் கடிலாக் கார்களில் வந்த இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நாமெல்லாம் ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தடவை மிதித்துக்கொண்டிருப்போம். ஆனால் சிங்க்ரோ சமப்படுத்துவது கியர் பெட்டிக்குள் உள்ள பற்களின் வேகத்தை மட்டுமே. எஞ்சினின் வேகம் உங்கள் பொறுப்பு. கியர் சத்தமில்லாமல் விழுந்த பிறகும் கார் உதறுவதற்குக் காரணம் இதுதான்.

கியர் விழுந்ததும் கிளச்சைப் பிடிக்கிற இடம் வரைக்கும் சடாரென்று விடலாம், அந்த இடத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகத் தயங்கி, மிச்சத்தை விட்டுக்கொண்டே அக்சிலேட்டரை மெல்லக் கொடுங்கள்.

சரியாகச் செய்தீர்களா என்று தெரிய, பக்கத்து சீற்றில் இருப்பவரின் தலையைப் பாருங்கள். கிளச் விடும்போது அவருடைய தலை பின்னால் போய் சீற்றில் முட்டினால் எஞ்சின் வேகம் கூடிப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்க வேண்டும். தலை முன்னால் குனிந்தால் பிந்திவிட்டீர்கள். ஒன்றுமே நடக்காமல் அவர் தன் பாட்டில் கதைத்துக்கொண்டே வந்தால் நீங்கள் பாஸ்.

ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், இரண்டுக்கும் இடையில் விகித இடைவெளி அவ்வளவு பெரியது. ஒன்றில் எஞ்சினை அலறவிடாமல் கார் நன்றாக உருண்டதும் இரண்டுக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் காலை எடுத்த பிறகும் ஊசி இறங்க மனமில்லாமல் மேலேயே தொங்கும், புகைக் கட்டுப்பாட்டுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தக் கார்களில் கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

படி 4: கீழே இறங்கும் கியர்

ரசனை உள்ள இடம் இது. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மூன்றில் 2000இல் போகும்போது இரண்டுக்கு இறங்கினால் எஞ்சின் கிட்டத்தட்ட 2700இல் சுற்ற வேண்டும். கிளச்சில் கால் இருக்கும்போது எஞ்சின் தானாக ஏறாது, இறங்கத்தான் செய்யும். ஆகவே நீங்கள்தான் ஏற்றிவிட வேண்டும். கிளச்சை மிதித்து, லீவரை இரண்டுக்குக் கொண்டுபோகும்போது வலது காலால் அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள். ஊசி எகிறி 2700 கிட்ட வரும், அது திரும்ப விழுவதற்குள் கிளச்சை விடுங்கள். சரியாக விழுந்தால் சத்தம் மட்டும் மாறும், காருக்கு எதுவும் நடந்த மாதிரியே இருக்காது. இதைத் தானாகவே செய்து தருகிற கார்களும் உண்டு, 2009ஆம் ஆண்டு மொடல் நிசான் 370இசட் அதற்குப் பேர்போனது. இருந்தாலும் காலால் பழகியவருக்குத்தான் அந்த ருசி தெரியும்.

ஊசியைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, கண் வீதியில் இருக்க வேண்டும். காதால் பழகுங்கள். பாட்டை நிறுத்துங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

பிரேக்கை முன்பாதத்தால் மிதித்தபடி அதே பாதத்தின் ஓரத்தால் அக்சிலேட்டரைத் தட்டும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இப்போதைக்கு அது வேண்டாம். வளைவு வருகிறதா, நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிரேக்கை விட்டு ஒரு தட்டுத் தட்டிக் கியரை இறக்குங்கள், அதற்குப் பிறகு திரும்புங்கள். மானோ மாடோ திடீரென்று குறுக்கே வந்தால் கியரை மறந்துவிடுங்கள், பிரேக்கையும் கிளச்சையும் ஒன்றாக மிதித்தால் போதும்.

ஒரே ஒரு பிழையை மட்டும் வாழ்க்கையில் செய்யக்கூடாது. அதிக ஆர்பிஎம்மில் மூன்றில் இருந்து நான்குக்கு இழுக்கும் அவசரத்தில் லீவரை உங்களை விட்டுத் தள்ளிவிட்டால் அது நான்குக்குப் பதிலாக இரண்டில் விழும். எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுற்றாமல் பார்க்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அது பெற்றோலைத்தான் நிறுத்தும், ரயர் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. வால்வு வளையும், அதற்கு மேலும் போகும், பில்லைப் பார்த்தால் காரை விற்றுவிடலாம் போல இருக்கும்.

படி 5: ஏற்றம்

உவர்மலை ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்துங்கள். கிளச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்து, மூக்கு லேசாக எழும்பியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பின்னால் ஒரு விரற்கடைகூட உருளக்கூடாது. ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது கிளச்சாலேயே காரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள், பார்க்கக் கெட்டித்தனமாக இருக்கும், பிளேட் தேய்ந்துகொண்டிருக்கும்.

சில பழக்கங்கள்

ஓடும்போது கிளச் பெடலில் கால் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பேரிங் தேயும். லீவரில் கையை ஊன்றிக்கொண்டு போவதும் அப்படித்தான், அந்தப் பாரம் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கில் போய் இறங்குகிறது. ஆறு கியர் இருக்கிறது என்பதற்காக 50இல் ஆறைப் போட வேண்டாம், எஞ்சின் திணறும், டர்போ எஞ்சின்களுக்கு அது இன்னும் கெடுதல். நகருக்குள் 50, வெளியே 70 என்பதுதான் நமது எல்லை. பல ஸ்போர்ட்டி கார்கள் இரண்டாம் கியரிலேயே அந்த 70ஐத் தாண்டிவிடும், ஆகவே ஆறாவது கியரைத் தேடி ஹபரணை வரைக்கும் ஓடத் தேவையில்லை. கந்தளாய் தாண்டினால் யானை வேறு.

பழகும்போது எரிந்த மணம் வந்தால் அது கிளச் பிளேட். ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள், நம்ம ஊர் வெயிலில் ஆற நேரமெடுக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு கியர் மட்டும் எப்போதும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியருமே கரகரத்தால், முக்கியமாக ரிவர்ஸ் போடும்போது சத்தம் வந்தால், கிளச் முழுக்க விடுபடவில்லை என்று பொருள். கராஜில் பெட்டியைக் கழற்ற விடுவதற்கு முதல் கிளச் ஒயிலையும் பெடலையும் பார்க்கச் சொல்லுங்கள், அதன் பிறகு கியர் ஒயில்.