மலையேரிக் கரையில் கூடாரம்: நனையாமல் உறங்குவது எப்படி

சென்னையில் வளர்ந்தவனுக்குக் குளிர் என்பது, மார்கழி விடியலில் மின்விசிறியை இரண்டாம் எண்ணுக்குக் குறைப்பது. அந்த அறிவோடுதான் நானும் என் தம்பியும் ஒரு ஜனவரியில், கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள மன்னவனூர் ஏரிப் பக்கம் முதன்முறையாகக் கூடாரம் அடித்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மழை என்று எண்ணி வெளியே தலையை நீட்டினால், வானம் முழுக்க நட்சத்திரங்கள். நனைந்திருந்தது கூடாரத்தின் உட்புறம் மட்டுமே.

முதலில் இடத்தையும் பயணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரி காப்புக்காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியோடு பகலில் பார்த்துத் திரும்பலாமே தவிர, அங்கே கூடாரம் அடிக்க எண்ண வேண்டாம். மன்னவனூர், பூம்பாறைப் பக்கங்களில் பட்டா நிலத்தில் முகாம் நடத்துவோரிடம் முன்கூட்டியே பேசி இடம் பெறுவதே முறை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், அனுமதியில்லாத காட்டுக்குள் யார் அழைத்தாலும் போகமாட்டார்கள். சொந்த வாகனத்தில் செல்வோர், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸைப் பெற வேண்டும். நான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடைக்கானல் ரோடு வரை சென்று, அங்கிருந்து பேருந்து பிடிப்பதையே விரும்புகிறேன். இரவெல்லாம் வண்டி ஓட்டிய களைப்போடு முளை அடிப்பது சுகமான வேலை அன்று.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் மொட்டை மாடியில் ஒருமுறை கூடாரத்தை விரித்துப் பார்த்துவிடுங்கள். சிமெண்ட் தரையில் முளை இறங்காது என்பதால், தண்ணீர் நிரம்பிய நான்கு 20 லிட்டர் கேன்களில் கயிறுகளைக் கட்டினேன். பிறகு, கூடாரத்துக்கு மேலே போர்த்தும் மேலுறையின் மீது இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, தையல்களில் ஒழுகுகிறதா என்று உள்ளே அமர்ந்து பார்த்தேன். வாங்குவோருக்கு ஒரு சொல்: வீசினால் தானே விரியும் கூடாரங்களை எனக்குப் பிடிக்காது. உள்ளறையும் மேலுறையும் தனித்தனியாக உள்ள இரட்டை அடுக்குக் கூடாரமே இந்த ஊர்களுக்கு ஏற்றது. இருவருக்கு மூவர் அளவுள்ளதை வாங்குங்கள்; சுவரில் உடம்பு படாமல் படுக்க அந்த இடைவெளி தேவைப்படும்.

இனி, நான் ஏமாந்த கட்டம். ஏரியைப் பார்த்தபடி விழிக்க வேண்டும் என்ற ஆசையில் நாங்கள் கரையை ஒட்டிய பள்ளத்தில் கூடாரம் அடித்தோம். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி, தாழ்வான இடத்தில்தான் தேங்கும். ஏரி இருப்பதும் அந்தத் தாழ்வில்தான். குளிர் தாங்காமல் நாங்கள் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினோம். இருவர் இரவு முழுவதும் மூச்சாகவும் வியர்வையாகவும் விடும் ஈரம் இரண்டு டம்ளருக்காவது வரும். அது வெளியேற வழியின்றி, குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, எங்கள் மீதே சொட்டியது.

ஆகவே கரையிலிருந்து எழுபது, எண்பது தப்படி தள்ளி, சற்று மேடான, புல் குட்டையாக உள்ள இடத்தைத் தேடுங்கள். மண்ணில் காட்டுமாட்டின் குளம்படி தெரிந்தால் அது தண்ணீருக்கு வரும் வழி என்று பொருள். அதில் படுக்க வேண்டாம். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடியுங்கள். மேலுறை எந்த இடத்திலும் உள்ளறையைத் தொடக்கூடாது. நைலான் துணி ஈரத்தில் நெகிழும் என்பதால், படுக்கப் போகுமுன் கயிறுகளை மீண்டும் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். பிறகு, மனம் எவ்வளவு மறுத்தாலும், மேலே உள்ள காற்றுத் துவாரத்தையும் வாசல் ஜிப்பை ஒரு சாண் அளவுக்கும் திறந்தே வையுங்கள்.

அப்படியானால் குளிரை எப்படித் தாங்குவது என்று கேட்பீர்கள். நம் உடம்பின் சூட்டைப் பெருமளவு உறிஞ்சுவது தரைதான். நாங்கள் மூன்று கம்பளிகளை மேலே போர்த்திக்கொண்டு, கீழே ஒற்றைப் பாயில் நடுங்கினோம். இப்போது மலிவான ஃபோம் விரிப்புகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறேன்; காற்றடைத்த மெத்தை நடுஇரவில் ஓட்டையானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. காதை மூடும் கம்பளித் தொப்பியும், உறங்குவதற்கென்றே எடுத்து வைத்த காய்ந்த காலுறையும் மறக்கலாகாது.

சமையலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமெடுக்கும். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் அவலும் கொண்டுபோனால் வெந்நீர் மட்டும் போதும்.

பிற்சேர்க்கை: துவாரத்தைத் திறந்து வைத்தும் உள்ளே நனைந்ததாக ஒரு வாசகி எழுதியிருந்தார். விசாரித்ததில், ஈரத் துண்டையும் நனைந்த காலணிகளையும் உள்ளே வைத்திருந்ததோடு, வாசல் மடிப்புக்குள் அடுப்பை ஏற்றித் தேநீரும் போட்டிருக்கிறார். ஈரப் பொருள்களை ஒரு பையில் கட்டி வெளியே, மேலுறையின் அடியில் வையுங்கள். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, உறக்கத்திலேயே உயிர் போகலாம். இதில் விதிவிலக்கே இல்லை. எரிவாயுக் குப்பியை ரயிலில் எடுத்துச் செல்லலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எரியும் பொருள்களுக்கு ரயிலில் தடை உண்டு. முகாமிலேயே அடுப்பு கேட்டுப் பெறுங்கள்.

காலையில் மேலுறை பனியில் நனைந்தேதான் இருக்கும். வெயில் ஏறும்வரை காத்திருக்கப் பேருந்து நேரம் விடாதென்றால், ஈரத்தோடு சுருட்டலாம். ஆனால் சென்னை வந்ததும், பையை மூலையில் வைத்துவிட்டு அலுவலகம் ஓடாமல், முதல் வேலையாக மாடிக் கொடியில் விரித்துப் போடுங்கள். நான் மூன்று நாள் தாமதித்தேன். அந்தப் பூஞ்சை நாற்றம் இரண்டு முறை அலசியும் இன்னும் முழுதாகப் போகவில்லை.