சொகுசு காரில் வீல் பேரிங் மாற்ற எவ்வளவு ஆகும்? வேலூர் பக்கத்துக் கணக்கு

சக்கரத்தை உரசாமல் சுற்றவிடும் வீல் பேரிங்கின் விலையைக் கேட்பதற்கு முன், போனது பேரிங்தானா என்று பாருங்கள். ஊளையிடும் சத்தத்துக்குப் பாதி நேரம் டயர்தான் காரணம். உள் ஓரம் ரம்பப் பல் போலத் தேய்ந்த டயரும் அச்சு அசலாக அதே சத்தம் போடும். முன் டயரைப் பின்னால் மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போனால் பேரிங்கைத் தொட வேண்டாம்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கூட்டமில்லாத நேரத்தில் 60-70 கி.மீ. வேகத்தில் லேசாக இடது வலதாக வளைத்துப் பார்க்கலாம். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பும்போது எடை வலச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். பிறகு லிஃப்டில் ஏற்றி, ஒரு கையால் சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங்கைப் (சுருள்வில்) பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் மணல் அரைபடுவதுபோல் ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ‘பிளே இல்லை, பேரிங் நல்லா இருக்கு’ என்று சொல்வதை நம்பாதீர்கள். இப்போதைய ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பேரிங்குகள் நன்றாகச் சத்தம் போட ஆரம்பித்த பிறகும் பெரும்பாலும் ஆட்டம் காட்டாது.

செலவைத் தீர்மானிப்பது காரின் பெயரைவிட, பேரிங் உட்கார்ந்திருக்கும் விதம். ஆடி ஏ4 (பி8) முன்பக்கத்திலும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எஃப்30 முன்பக்கத்திலும் ஹப்போடு சேர்ந்த ஒரே யூனிட், நாலு போல்ட். சாமான் விலை அதிகம், வேலை குறைவு. பழைய 3 சீரிஸ் இ90 பின்பக்கம் அப்படியில்லை: சர்க்ளிப்பை (பூட்டு வளையம்) கழற்றி பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) தள்ளி எடுக்க வேண்டும். சாமான் மலிவு, லேபர் ஏறும். பென்ஸ் சி கிளாஸ் டபிள்யூ204 முன்பக்கம் (4மேட்டிக் என்ற நாலு சக்கர டிரைவ் அல்லாதது) இன்னும் டேப்பர் ரோலர் (சரிவான உருளை) பேரிங் ஜோடிதான். கிரீஸ் வைத்து, டயல் கேஜில் (நுண்ணிய அளவுக் கருவி) பார்த்து 0.01 முதல் 0.02 மி.மீ. பிளே (ஆட்டம்) வைக்க வேண்டும். ‘கை அளவில்’ முறுக்குகிற மெக்கானிக்கிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கணக்குக்கு ஒரு ஆடி முன் சக்கரம். விலை மாடலுக்கு மாடல் மாறும். இது எப்படிக் கூட்டுவது என்று காட்டத்தான். எஃப்ஏஜி அல்லது எஸ்கேஎஃப் யூனிட் 12,000, புது போல்ட்கள் 1,200, வெளிப் பட்டறை லேபர் 3,000 என்றால் 16,200. ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,916 சேர்த்து 19,116 ரூபாய். அதே வேலைக்கு கம்பெனி சர்வீஸில் சாமான் 24,000, போல்ட் 1,500, லேபர் 7,000 என்று போட்டால் வரியோடு 38,350. உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தில் எஸ்டிமேட் வந்தால் திருத்தச் சொல்லுங்கள். எஃப்ஏஜி, எஸ்கேஎஃப் இரண்டுமே கார் கம்பெனிகளுக்கே பேரிங் கொடுப்பவை. வாரன்டி முடிந்த வண்டிக்கு லோகோ போட்ட பெட்டிக்காக இரட்டை விலை தேவையில்லை.

ஜோடியாக மாற்றச் சொன்னால் மறுக்கலாம். பேரிங் பிரேக் பேட் போல ஜோடியாக மாற்றும் சாமான் இல்லை. போனதை மட்டும் மாற்றினால் போதும். போல்ட் யூனிட் மாற்றினால் அலைன்மென்ட்டும் பொதுவாக வேண்டியதில்லை. நக்கிளையே (பேரிங்கைத் தாங்கும் உலோகப் பகுதி) கழற்றியிருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

சாமானை 17 இலக்க சேஸிஸ் நம்பர் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சொல்லி வைத்தால் பார்சலில் வந்துவிடும். பெட்டி கையில் வந்த பிறகே வண்டியைப் பிரிக்க விடுங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். பேரிங்கின் ஒரு பக்க சீலில் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, பேரிங்கை மறுபடி வாங்க வேண்டியதுதான். நக்கிளுக்குள் தள்ளும்போது வெளி வளையத்தில் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். அழுத்தம் குண்டுகள் வழியாகப் போனால் தடத்தில் பள்ளம் விழுந்து, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பழைய சத்தம் திரும்பும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே கதைதான். பட்டறையில் பிரஸ் இல்லையென்றால், நக்கிளை மட்டும் கழற்றி பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைக் கொண்டுவரும் தண்டு) உள்ள சக்கரத்தில் ஆக்சில் போல்ட் ஒருமுறைதான் பயன்படும். அதை கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை) முறுக்கும் முன் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கக் கூடாது. ஜாக்கை இறக்கிவிட்டு ‘அப்புறம் முறுக்கிக்கலாம்’ என்று தள்ளினால் புது பேரிங் அங்கேயே அடிபடும்.

வெறும் ஊளை மட்டும் என்றால் வேலூரிலிருந்து 140 கி.மீ. சென்னைக்கு மெதுவாக ஓட்டிப் போகலாம். சக்கரம் ஆடினாலோ, ஹப் மற்ற மூன்றைவிடக் கொதித்தாலோ ஃபிளாட்பெட் (வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் லாரி) கூப்பிடுங்கள். குவாட்ரோ, எக்ஸ்டிரைவ் என்ற நாலு சக்கர டிரைவ் வண்டிகளைச் சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்க விடாதீர்கள். அதில் போகும் கியர்பாக்ஸுக்கு முன் இந்த பில் ஒன்றுமே இல்லை.

வண்டி எடுக்கும்போது பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிச் சுற்றிப் பாருங்கள். வீல் போல்ட் டார்க்கையும் கேளுங்கள்: ஆடி 120, டபிள்யூ204 130, எஃப்30 140 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓட்டிய பிறகு ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபார்க்கவும்.