வரப்பில் காணும் பழுப்புத் தாவிகளை இறகுப் புள்ளிகளைக் கொண்டு பிரித்தறிவது எப்படி?

காலை ஒன்பது மணியளவில் நெல்வயல் வரப்பில் நின்று பார்த்தால், வெட்டுக்காயப் பூண்டின் பூக்களுக்கிடையே சின்னஞ்சிறு பழுப்புப் பட்டாம்பூச்சிகள் விருட்டென்று தாவித் தாவிப் பறப்பதைக் காணலாம். ஸ்கிப்பர் எனப்படும் தாவிகள் குடும்பத்தில் ‘ஸ்விஃப்ட்’ என்று அழைக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவை இவை. பட்டாம்பூச்சி பார்க்கத் தொடங்குபவர்களில் பலர் இவற்றைப் பொதுவாகத் ‘தாவி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில் நம் வயல்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மூன்று நான்கு வகைகளை ஒரு நல்ல படமும் சிறிது பொறுமையும் இருந்தால் யாரும் பிரித்தறிந்துவிட முடியும்.

முதலில், பார்ப்பது தாவிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அகன்ற தலை, தடித்த உடல், நுனியில் கொக்கிபோல் வளைந்த உணர்கொம்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது தாவி. வெயில் காயும்போது ஸ்விஃப்ட்கள் பின்னிறகுகளைத் தட்டையாக விரித்து, முன்னிறகுகளை மட்டும் பாதி உயர்த்தி வைத்திருக்கும். தாவிகள் அல்லாத பட்டாம்பூச்சிகள் பொதுவாக இப்படி அமர்வதில்லை.

அடுத்தது படம் எடுப்பது. இறகை மூடியிருக்கும்போது அடிப்புறத்தையும், வெயில் காயும்போது மேற்புறத்தையும் தனித்தனியே எடுங்கள். ஒரே கோணத்தில் எடுத்த பத்துப் படங்களைவிட இந்த இரண்டு படங்கள் மிகுந்த பயன் தரும். உலர்ந்த பறவை எச்சத்தின்மேல் இவை அமர்ந்திருந்தால் அதுவே நல்ல வாய்ப்பு. வயிற்று நுனியை வளைத்து, தன் உடலிலிருந்தே ஒரு துளி நீரை எச்சத்தின்மேல் விட்டு நனைத்து, பிறகு அதை உறிஞ்சும். அந்த வேலையில் ஈடுபட்டிருக்கும் தாவி எளிதில் பறந்துவிடாது.

படம் கையில் இருந்தால், இனி இறகின் வரைபடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உடலை ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து இறகின் நடுவரை நீளும், நரம்புகளால் சூழப்பட்ட பகுதிக்கு மைய அறை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றிலும் இருந்து நரம்புகள் வெளிவிளிம்பை நோக்கிச் செல்கின்றன. இரண்டு நரம்புகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் எண் உண்டு. முன்னிறகின் உள்விளிம்பிலிருந்து எண்ணினால், முதல் நரம்புக்கும் இரண்டாம் நரம்புக்கும் இடையில் இருப்பது ‘1பி’. அதற்கு மேலே 2, 3 என்று தொடரும். பின்னிறகிலும் 2, 3 என்ற எண்கள் இதேபோல் கீழிருந்து மேலே செல்லும். புள்ளிகள் எத்தனை என்பதைவிட, எந்த இடைவெளியில் இருக்கின்றன என்பதே இங்கு முக்கியம். ஒரே வகையில்கூட எண்ணிக்கை மாறும். இடம் அவ்வளவாக மாறாது.

இப்போது பின்னிறகின் அடிப்புறத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்புப் பக்கமாகச் சில வெண்புள்ளிகள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, உடலுக்கு நெருக்கமாக, மைய அறைக்குள் தனியாக ஒரு சிறு வெண்புள்ளி உண்டா என்று தேடுங்கள். அந்தப் புள்ளியோடு, வெளியே வில்போல் வளைந்த வரிசையில் சிறு புள்ளிகளும் இருந்தால் அது பெலோபிடாஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நம் வயல்களில் அது பெரும்பாலும் ‘ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட்’. மைய அறையில் புள்ளியே இல்லாமல், 2, 3 ஆகிய இடைவெளிகளிலும் சற்றுத் தள்ளி மேலே 6ஆம் இடைவெளியிலும் தெளிவான வெண்புள்ளிகள் இருந்தால் அது ‘ரைஸ் ஸ்விஃப்ட்’ ஆகலாம். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1866இல் அறிவியல் பெயரிட்டு விவரித்த போர்போ சின்னாரா இதுதான். நான் தொடக்கத்தில் பல மாதங்கள் எடுத்த படங்களை எல்லாம் ரைஸ் ஸ்விஃப்ட் என்றே குறித்து வைத்திருந்தேன். பின்னாளில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பலவற்றில் ஊசி முனையளவு அந்த ஒற்றைப் புள்ளி இருந்தது. செதில் உதிர்ந்த பூச்சியில் அது மங்கிப்போயிருக்கும் என்பதால், ‘இல்லை’ என்று முடிவு செய்யும்முன் இரண்டு மூன்று படங்களிலாவது பாருங்கள்.

பெலோபிடாஸ் என்று தெரிந்தபின் முன்னிறகின் மேற்புறத்துக்கு வாருங்கள். ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்டின் ஆணில், 1பி இடைவெளியில் சாய்வாக ஒரு மெல்லிய சாம்பல் கோடு கீறினாற்போல் தெரியும். பெண்ணைக் கவரும் மணத்தைப் பரப்பும் சிறப்புச் செதில்கள் அடர்ந்த தழும்பு அது. பெயரில் உள்ள ‘பிராண்ட்’ என்பதும் அதையே குறிக்கிறது. பெண்ணில் இந்தக் கோடு இருக்காது. ‘கன்ஜாயின்ட் ஸ்விஃப்ட்’ என்னும் நெருங்கிய உறவில் ஆணுக்கும் இந்தத் தழும்பு கிடையாது. ஆனால் அது உடலில் பெரியது, முன்னிறகுப் புள்ளிகளும் மஞ்சள் சாயல் கொண்டவை.

அதே 1பி இடைவெளியை ரைஸ் ஸ்விஃப்டிலும் பாருங்கள். அதன் முன்னிறகில் மற்றப் புள்ளிகள் கண்ணாடித் துண்டுகள்போல் ஒளியை ஊடுருவ விடும்; பின்னாலுள்ள புல்லின் பச்சைகூட அவற்றின் வழியே தெரியும். 1பியில் உள்ள புள்ளி மட்டும் செதில் மூடிய, ஒளி புகாத மஞ்சள் புள்ளியாக இருக்கும். பெலோபிடாஸ் பெண்களுக்கும் அங்கே ஒளி புகாத புள்ளி இருப்பதால், இதை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிடாதீர்கள். மைய அறைப் புள்ளியே முதல் சான்று.

1பியில் புள்ளியே இல்லை, உணர்கொம்பும் முன்னிறகின் மேல்விளிம்பு நீளத்தில் பாதிக்கும் குறைவு என்றால், அது பர்னாரா பேரினம். பின்னிறகின் அடிப்புறத்தில் புள்ளிகளே இல்லாதவை பெரும்பாலும் வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் ‘பெயின்ட்பிரஷ் ஸ்விஃப்ட்’ ஆணின் பின்னிறகு மேற்புறத்தில் தூரிகைபோல் ஒரு மயிர்க்கொத்து இருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு படம் பிடிகொடுக்காமல் போனால், ‘பெலோபிடாஸ், வகை தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு. இறகு கிழிந்து, செதில் உதிர்ந்த பூச்சிக்கு ஊகத்தில் பெயர் சூட்டினால், பின்னால் அந்தப் பதிவை நம்பி வருபவரும் தவறுவார். தேதி, இடம், எந்தப் பயிரின் அல்லது புல்லின் அருகில் பார்த்தீர்கள் என்பதோடு, மைய அறைப் புள்ளி, 1பி புள்ளி, தழும்பு ஆகிய மூன்றில் எவை தெரிந்தன, எவை படத்தில் மறைந்திருந்தன என்பதையும் படத்துடன் சேர்த்துக் குறித்து வையுங்கள்.