வாரண்ட் ஆபீசர் வந்தால் கையில் வாரண்ட் இருக்கிறது என்று பொருளல்ல: வீட்டைச் சோதனையிட போலீஸ் வரும்போது செய்ய வேண்டியவை

ஒரு வியாழக்கிழமை மதியம் தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தபோது நான் டர்பன் நகரத்தில் வேலையில் இருந்தேன். கேட்டைத் திறந்தது அம்மா. நான்கு பேர் உள்ளே வந்து முக்கால் மணி நேரம் வீட்டைப் புரட்டிவிட்டு, என் மடிக்கணினியையும் இரண்டு கைபேசிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்கட்டில் வாடகைக்கு இருந்த பையன் திருட்டுக் கைபேசிகளை வாங்கியிருப்பான் என்பது அவர்களுடைய சந்தேகம். வாரண்டைப் பார்த்தீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். “வாரண்ட் ஆபீசர் என்றுதானே சொன்னார், வாரண்ட் இல்லாமலா வந்திருப்பார்?” என்றார்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வாரண்ட் ஆபீசர் என்பது ஒரு பதவியின் பெயர். 2010-இல் தென்னாப்பிரிக்கப் போலீஸில் இராணுவப் பாணிப் பதவிப் பெயர்கள் திரும்ப வந்தபோது, அதுவரை இன்ஸ்பெக்டராக இருந்தவர்கள் வாரண்ட் ஆபீசர் ஆனார்கள். சார்ஜென்டுக்கு மேலே, கேப்டனுக்குக் கீழே. அந்தப் பெயருக்கும் மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட காகிதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் வீடுகளில் இதைப் பெரியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பொருள்களைத் திரும்ப வாங்கப் பதினோரு வாரம் அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் இலவச ஆலோசனை எண்ணுக்கு அழைக்கலாம்: 0800 110 110.

படி 1: கேட் பூட்டியே இருக்கட்டும்

பெயர், பதவி, எந்த நிலையம் என்று மூன்றையும் கேளுங்கள். நியமன அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். போலீஸ் உடையில் கொள்ளையர் வந்த கதைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. ஐயம் இருந்தால் போலீஸ் அவசர எண் 10111-ஐ அழைத்தோ நிலையத்தை அழைத்தோ, இப்படி ஒரு குழு அனுப்பப்பட்டதா என்று விசாரியுங்கள். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று மரியாதையாகப் பேசுவது எதிர்ப்பு ஆகாது.

படி 2: ஒரே ஒரு கேள்வி

என் அம்மா தடுக்கி விழுந்த இடம் இதுதான். எனவே இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1977-ஆம் ஆண்டின் 51-ஆம் சட்டம். அதன் 20 முதல் 36 வரையிலான பிரிவுகள் சோதனை, கைப்பற்றுதல் பற்றியவை. பொதுவிதி 21-ஆம் பிரிவில் இருக்கிறது: வாரண்டோடு வர வேண்டும். விலக்கு 22-ஆம் பிரிவில் இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் வருவதற்கு அதில் இரண்டு வாசல்கள். ஒன்று, நீங்கள் சம்மதித்துவிட்டால். மற்றொன்று, கேட்டால் வாரண்ட் கிடைத்தே தீரும் என்பதையும், அதற்காகக் காத்திருந்தால் தேடி வந்த பொருள் கைநழுவிப் போகும் என்பதையும் அதிகாரி நியாயமான காரணத்தோடு நம்பினால். இரண்டு நம்பிக்கையும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

இப்போது எங்கள் கேட்டில் நடந்ததைப் பாருங்கள். “உள்ளே வந்து பார்க்கலாமா அம்மா?” என்று அதிகாரி கேட்டார். “வாங்க, வாங்க” என்றார் அம்மா. யார் வந்தாலும் அப்படித்தான் சொல்வார். அந்த உபசார வார்த்தை பிறகு நிலையத்தின் பதிவில் சம்மதமாக ஏறிவிட்டது. அதிகாரிக்கு நியாயமான காரணம் இருந்ததா என்ற கேள்வியே அதன் பிறகு எழவில்லை, ஏனென்றால் அவர் முதல் வாசல் வழியாகவே நுழைந்துவிட்டார்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: “நீங்கள் என் அனுமதியைக் கேட்கிறீர்களா, அல்லது சட்டப்படி அதிகாரம் இருப்பதால் வருகிறீர்களா?” அனுமதி கேட்கிறேன் என்றால், இல்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதிகாரம் இருக்கிறது என்றால் எந்த அதிகாரம் என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு, “நான் சம்மதிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். சட்டப்படி சோதனையிட வந்தவர் எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம், கதவையோ ஜன்னலையோ உடைக்கலாம் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன் காது கேட்க அனுமதி கேட்டு, வந்த நோக்கத்தையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பொருளை அழித்துவிடுவார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அதுவும் தேவையில்லை. குறுக்கே நின்றால் தடுத்த குற்றம் தனியாக வந்து சேரும். உங்கள் வாதத்தை வைக்க வேண்டிய இடம் நீதிமன்றம்.

பின்கட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த அறை அதில் குடியிருப்பவரின் வீடு. அதற்கு நீங்கள் சம்மதம் தர வேண்டாம். “அவரிடம் கேளுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

படி 3: வாரண்ட் இருந்தால் வாசியுங்கள்

எந்த முகவரி, யாரை அல்லது எதைத் தேடுகிறார்கள், என்ன குற்றம், யாருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். வான் டெர் மெர்வே வழக்கில் 2011-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது: வாசிப்பவருக்குப் புரியும்படி, சந்தேகிக்கப்படும் குற்றத்தின் பெயரோடு வாரண்ட் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டுக்கும் பின்கட்டுக்கும் ஒரே எண் இருக்கும். எது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரவில் சோதனையிட வேண்டுமானால் வாரண்ட் கொடுத்தவர் அதை எழுத்தில் அனுமதித்திருக்க வேண்டும். இல்லையேல் பகலில்தான்.

வாரண்டின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை சோதனை முடிந்த பிறகு என்றுதான் 21-ஆம் பிரிவு சொல்கிறது. முதலிலேயே நகலுக்காக வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் வாசியுங்கள், முடிந்ததும் நகலைக் கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

படி 4: கூடவே நடங்கள்

ஒவ்வோர் அறைக்கும் வீட்டார் ஒருவர் கூடவே போக வேண்டும். நால்வர் நான்கு அறைக்குள் பிரிந்தால், ஒவ்வோர் அறையாகப் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். சோதனை கண்ணியமாகவும் ஒழுங்காகவும் நடக்க வேண்டும் என்பது 29-ஆம் பிரிவின் கட்டளை. பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும். பெண் போலீஸ் இல்லையென்றால், அதற்காக நியமிக்கப்படும் வேறொரு பெண் சோதிக்கலாம். இதில் ஓர் ஆணுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாமி அறைக்குள் காலணியோடு போகக் கூடாது என்று சட்டத்தில் வரி கிடையாது. ஆனால் கண்ணியம் என்ற சொல் இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டபோது ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார், காமாட்சி விளக்கைத் தொடாமலேயே பார்த்துவிட்டு வந்தார். அந்த இளைஞரை அம்மா இன்றும் வாழ்த்துகிறார். நானும்தான்.

படி 5: பட்டியல் எழுதாமல் எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டக் கூடாது

கைபேசியில் காணொளி எடுத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டு போனதே கைபேசிகளைத்தான். கார்பன் தாள் வைத்த இரட்டைப் பிரதிப் புத்தகம் ஒன்று வாங்குங்கள், மளிகைக் கடைக்காரர்கள் பில் போடுவது போன்றது. பந்துமுனைப் பேனாவை அதிலேயே நூலால் கட்டிவிடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், கார்பனில் அழுந்தாது.

பொருளின் பெயர், நிறம், தொடர் எண், எந்த அறையில் இருந்தது, என்ன நிலையில் இருந்தது, நேரம், எடுத்தவர் பெயர். அதிகாரியிடம் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் “கையெழுத்திட மறுத்தார்” என்று எழுதி, பக்கத்து வீட்டாரைச் சாட்சிக் கையெழுத்து இடச் சொல்லுங்கள். கைபேசியின் IMEI எனப்படும் பதினைந்து இலக்க அடையாள எண்ணை இன்றே அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கைபேசி போன பிறகு அந்த எண்ணைத் தேடி நான் பழைய பெட்டிகளையெல்லாம் கிளறினேன்.

கைப்பற்றிய பொருளுக்கு அடையாளக் குறி இட்டுப் போலீஸ் காவலில் வைக்க வேண்டும் என்பது 30-ஆம் பிரிவு. நிலையத்தில் அது ஏறும் பதிவேட்டுக்குச் சாப்ஸ் 13 என்று பெயர். அந்த வரிசை எண்தான் உங்கள் பொருளின் உயிர்நாடி. நான் மூன்று வாரம் வழக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டு நின்றேன், யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முகப்பில் இருந்த ஓர் அக்கா, “சாப்ஸ் 13 எண் என்ன?” என்று கேட்ட பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. சோதனை நடந்த மறுநாளே போய் அந்த எண்ணை வாங்கிவிடுங்கள்.

படி 6: திரும்பப் பெறுவது

வழக்கு தொடரவில்லை என்றாலோ, விசாரணைக்கு அந்தப் பொருள் தேவையில்லை என்றாலோ, யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர் சட்டப்படி அதை வைத்திருக்கக் கூடியவராக இருந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். பட்டியலின் நகலை இணைத்து நிலையத் தலைவருக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். எனக்கு இரண்டாவது கடிதத்தில்தான் பொருள்கள் கிடைத்தன.

அதிகாரமின்றி நடந்த சோதனை 28-ஆம் பிரிவின்படி குற்றம். அடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், இலஞ்சம் கேட்டார்கள் என்றால் ஐபிட் என்ற சுயேச்சையான போலீஸ் விசாரணை இயக்ககத்திடம் போகலாம். மரியாதைக் குறைவும் பதிவுக் குளறுபடியும் நிலையத் தலைவரிடமும் மாகாண அலுவலகத்திடமும் கொண்டுபோக வேண்டியவை. உரிமையை மீறி எடுத்த சான்று, விசாரணையின் நேர்மையைக் கெடுத்தாலோ நீதி நிர்வாகத்துக்குத் தீங்கு செய்தாலோ, அதை நீதிமன்றம் விலக்கிவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு. படி 2-இல் எழுதி வைத்த குறிப்பு அந்த நாளில் உதவும்.

பின்சேர்க்கை

டொங்காட்டிலிருந்து ஒரு வாசகர் சாலைத் தடுப்புச் சோதனை பற்றிக் கேட்டிருந்தார். அது வேறு சட்டம்: 1995-ஆம் ஆண்டின் போலீஸ் சேவைச் சட்டம், 13-ஆம் பிரிவு. தேசிய அல்லது மாகாண ஆணையரின் எழுத்து அனுமதியோடு தடுப்பு போடும்போது, அங்கே வாரண்ட் இல்லாமல் வண்டியையும் ஆளையும் சோதிக்கலாம். அந்த அனுமதியின் நகலைக் காட்டும்படி கேட்கலாம். அவசர நிலைகளில் எழுத்து அனுமதி இல்லாமலும் தடுப்பு போட இடமுண்டு, ஆகவே “காகிதம் இல்லை, நான் போகிறேன்” என்று வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

அதே பிரிவைக் கொண்டு ஒரு வட்டாரத்தையே வளைத்து வீடு வீடாகச் சோதித்தது பற்றி ஜோகன்னஸ்பர்க்கின் இண்டஸ்ட்ரி ஹவுஸ் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் புக அந்த விதி இடம் கொடுக்கும் அளவுக்கு அது செல்லாது என்று 2021 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா பிறந்தது டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில். நிறவெறி ஆட்சியில், அறுபதுகளில் குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டவர். அவர் வளர்ந்த காலத்தில் போலீஸ்காரரிடம் காகிதம் கேட்பது என்பதே நினைத்துப் பார்க்க முடியாதது. வீடும் உடைமையும் காரணமின்றிச் சோதிக்கப்படாதிருக்கும் உரிமை 1997 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவில் இருக்கிறது என்று சொன்னபோது, அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து இன்னொருவர், தனியார் பாதுகாப்பு நிறுவனத்தினர் ஆயுதத்தோடு வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதாக எழுதினார். 22-ஆம் பிரிவு அதிகாரம் தருவது போலீஸ் அதிகாரிக்கு. சீருடையும் துப்பாக்கியும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. போலீஸோடு வரச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் பிறகு எங்கள் கேட்டில் வைத்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பலர் கேட்டதால் அதையும் தருகிறேன். போலீஸாரும் வாசிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு பக்கம், அம்மாவுக்காகத் தமிழில் மறுபக்கம்: “உங்கள் அட்டையைக் காட்டுங்கள். அனுமதி கேட்கிறீர்களா, அதிகாரத்தோடு வருகிறீர்களா? நான் சம்மதிக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். என் மகள் வரும்வரை ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். எடுப்பதை எல்லாம் இந்தப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.” தமிழ்ப் பக்கத்தில் அம்மா தன் கையாலேயே மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “வாங்க என்று சொல்லாதே.”